சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு ஜீப்

டீச்சர் ரிவர்ஸ் கியர் போட்டு நான் பார்த்ததே இல்லை.

மந்தாரக்குப்பத்தில் என் பட்டறைக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. அரிசி மூட்டை ஏற்ற ஜீப்பைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் போதும், கடை வாசலுக்கே வந்துவிடும். டீச்சர் எடுக்க மாட்டார். நேரே போய், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மார்க்கெட் வழியாகத் திரும்பி வந்து, கடை வாசலில் அளந்து வைத்தமாதிரி நிறுத்துவார். அதற்குள் கடைக்காரர் தூக்கிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேறு இரண்டு பேருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்திருப்பார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கியர்ல ஒண்ணும் இல்ல தம்பி. அதப் போட்ட உடனே எங்கேர்ந்தோ நாலு ஆம்பளைங்க வந்துடறாங்க. அதான் பிரச்சனை," என்றார்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஒரு பெண் வண்டியைப் பின்னால் எடுக்கிறாள் என்றால் போதும், நம் ஆண்களுக்கு எங்கிருந்தோ பொறுப்பு வந்துவிடும். டீ குடித்துக்கொண்டிருக்கிறவன் டம்ளரை வைத்துவிட்டு வருவான். சைக்கிளில் போகிறவன் ஸ்டாண்டு போடுவான். ஜென்மத்தில் ஸ்டியரிங் பிடிக்காதவன் வண்டியின் முதுகில் தட்டித் தட்டி, "வா, வா, வா, ஒடி, ஒடி, இந்தப் பக்கம் ஒடி" என்பான். ஒருவன் வலது கையைக் காட்டுவான், இன்னொருவன் இடது கையை. எங்காவது இடித்துவிட்டால் அத்தனை பேரும் சேர்ந்து, "லேடீஸ் ஓட்டினா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கலைவார்கள். நானும் அப்படித் தட்டுகிறவன்தான். மெக்கானிக் என்பதால் கொஞ்சம் உரிமையோடு தட்டுவேன்.

டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நல்ல உயரம். சேலைக்குக் கீழே எப்போதும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஜீப் சாவியோடு சேர்த்து ஒரு விசில் தொங்கும். வேலையில் இருந்தவரை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன் சொன்னவர்; தனக்கு ஒருவர் சொன்னால் பொறுக்காது. அவருக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் வீட்டுக்காரர்கூட "டீச்சரு" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் அவரோடு ஜீப்பில் இருந்தேன். ஒற்றை வண்டி போகிற அளவு சாலை. எதிரே பலாப்பழம் ஏற்றிய லாரி. யாராவது ஒருவர் பின்னால் போனால்தான் வழி. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். டீச்சர் என்ஜினை நிறுத்தினார். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து, எனக்கும் ஒரு இட்லி கொடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். லாரிக்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தார், கொஞ்ச நேரம் திட்டினார், பிறகு பின்னால் போனார். தாண்டும்போது டீச்சர் அவருக்கும் ஒரு இட்லி நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அந்த ஜீப் அவருடையதில்லை, வீட்டுக்காரருடையது. அவர் நிலக்கரி மைன்ஸில் டம்பர் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, முத்தாண்டிக்குப்பம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு முந்திரித் தோப்பில் வீடு கட்டிக்கொண்டார்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற தடம் கோடையில் மணல், மழையில் சேறு. ஆட்டோ புதையும், கார் புதையும். அதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி, தடித்தடியாக நான்கு டயர் போட்டு, டம்பர் ஓட்டின மனிதரின் மனசு நிறைகிறமாதிரி வைத்திருந்தார். பிறகு சர்க்கரை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதன்பின் சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அப்போதுதான் டீச்சர் ஸ்டியரிங்குக்கு வந்தார், அவர் இடது சீட்டுக்குப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. கிளட்சை விடு, கியரை மாற்று, பள்ளம் பார் என்று வாயாலேயே ஓட்டிக்கொண்டு வருவார்.

"நடுத்தெருவுல நாலு பேரு சொல்றது பத்தாதுன்னு, இவரு வண்டிக்குள்ளயே உக்காந்துகிட்டு சொல்றாரு," என்பார் டீச்சர்.

பிரச்சனை வேலியில் ஆரம்பித்தது.

தடம் டீச்சர் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். வாசலை ஒட்டி அடுத்தவர் மனை சும்மா கிடந்ததால், ஜீப்பை அதற்குள் விட்டு ஒரு வீச்சு வீசித் திருப்பிக்கொண்டு வருவது வழக்கம். அந்த மனையைக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கினார். வந்த வாரமே கருங்கல் கம்பம் நட்டு, கம்பி இழுத்துவிட்டார். சர்வேயரை வைத்து அளந்து, தன் எல்லையின் கடைசி விரல்கடை வரைக்கும் நட்டிருந்தார். டீச்சர் அவருக்கு வேலிக்காரர் என்று பெயர் வைத்தார்.

இனி ஜீப் திரும்ப வேண்டுமென்றால் இரண்டு மூன்று தடவை முன்னே பின்னே போக வேண்டும். பாதி திரும்பியதும் பின்னால் இருப்பது தரையோடு தரையாக ஒரு பழைய கிணறு. வழக்கமாக ரிவர்ஸ் எடுக்கிறவர்களே தயங்கும் இடம். டீச்சருக்குக் கேட்கவே வேண்டாம்.

முதல் வாரம் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தினார். வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் தடம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்கள், ஆசையாகத்தான் தூக்கினார்கள். வீட்டுக்குப் போனதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

"உசுரோட இருக்கும்போதே நாலு பேரு தூக்கிகினு போறாங்க டீச்சரு. கண்ண மூடிக்கினு வரணும்போல இருந்துது," என்றாராம். அடுத்த தடவை டயாலிசிஸுக்கு வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். டயாலிசிஸ் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே டீச்சர் பட்டறை வாசலில் நின்றார்.

"தம்பி, ஜீப்பு சின்ன வட்டத்துல திரும்பணும். அது வரைக்கும் மட்டும் நாற்காலில வர்றேன்னு ஒத்துகிட்டிருக்காரு. என்ன பண்ணணுமோ பண்ணு."

"அது என்ன பம்பரமா டீச்சர்?"

"பம்பரமா ஆக்கு."

நான் எல்லாரும் சொல்வதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ரோடு வரைக்கும் ஒரு மாட்டு வண்டி வைத்துக் கூட்டிவந்து ஜீப்புக்கு மாற்றலாமே என்றேன். "அவரு என்ன கேஸ் சிலிண்டரா, வண்டிக்கு வண்டி மாத்தி ஏத்தறதுக்கு?" என்றார். வேலிக்காரரிடம் ஒரு அடி இரண்டு அடி கேட்டால் கொடுக்க மாட்டாரா என்றேன். அப்போதுதான் டீச்சர் என்னை முறைத்தார்.

"ஒரு தடவ நெலத்தக் குடுத்துட்டு வந்தவரு அவரு. வீடு, கொல்லை, கெணறு எல்லாம் மைன்ஸுக்குப் போச்சு. அவருகிட்டப் போயி இன்னும் ஒரு அடி குடுங்கன்னு எந்த வாயால கேக்கறது? நான் கேட்டா குடுத்துடுவாரு. அதுக்குத்தான் கேக்க மாட்டேன்."

ஒரு வண்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு சுற்றினால் எவ்வளவு பெரிய வட்டம் போடுகிறது என்பதுதான் இதில் கணக்கு. ஜீப்பின் வட்டம் பெரியது. காடு மேடெல்லாம் ஏறும், சந்தில் திரும்பாது. அந்த வட்டத்தை டீச்சர் அளந்த விதம் இருக்கிறதே, அதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள். விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளை ஒரு வாளி நிறைய எடுத்துவந்தார். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் என்னை ஜீப்பை வட்டம் அடிக்கச் சொல்லி, வெளிச் சக்கரம் போன தடத்தின் மேல் குனிந்தபடியே நடந்து சுண்ணாம்பு போட்டார். பிறகு நடுவே நின்று, குதிகாலும் பெருவிரலும் தொட்டுத் தொட்டுக் கால் வைத்து அளந்தார். வாசலில் கிடைக்கிற இடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது.

முதலில் சுலபமானதைச் செய்தேன். முன் சக்கரம் ஓரளவுக்கு மேல் திரும்பாமல் தடுப்பதற்கு மூட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட் இருக்கும். அதை உள்ளே முறுக்கிவிட்டால் சக்கரம் இன்னும் கொஞ்சம் ஒடியும். முறுக்கினேன். ஒடிந்தது. ஆனால் தடித்த டயர் போய், வண்டியைத் தாங்குகிற கமான் பட்டையில் உரசி, பட்டறை முழுக்க ரப்பர் நாற்றம். டயர் மெலிதாக இருந்தால்தான் அந்த ஒடிப்பு பிரயோஜனப்படும்.

அந்தச் சமயம் புதுச்சேரியிலிருந்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் எடுத்துக்கொண்டு தோப்புகளுக்கு வருவார்கள். எல்லாருக்கும் பெரிய டயர் வேண்டும். பட்டறையில் ஒருவர், இருப்பதிலேயே பெரியது போட என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டீச்சர், "திரும்பறதுக்கு ஒரு கிராமம் வேணும்பா," என்றார். அந்த இளைஞருக்குப் புரியவில்லை.

மெலிந்த டயர் போடச் சம்மதம் வாங்க நான்தான் தோப்பு வீட்டுக்குப் போனேன். டீச்சரின் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் முகத்தையே பார்த்தார்.

"மொதல்ல காலக் கழட்டினாங்க. இப்ப டயரக் கழட்டறீங்க. கழட்டுங்க," என்றார். பிறகு அவரே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மெலிந்த டயர் போட்டு, போல்டை இன்னும் உள்ளே விட்டு, டீச்சர் மறுபடி சுண்ணாம்பு போட்டார். பழைய வட்டத்துக்குள் புது வட்டம் விழுந்தது. ரோட்டில் போகிறவர்கள் என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கால் வைத்து அளந்துவிட்டு டீச்சர் நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரு அடி இடிக்குது தம்பி."

அதற்கு மேல் சக்கரத்தை ஒடித்தால் உள்ளே இருக்கிற மூட்டு உடைந்துவிடும். என்னால் ஆனது இவ்வளவுதான் என்று கையைத் துடைத்துக்கொண்டேன். டீச்சர் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நாலைந்து நாள் கழித்து வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

"வேலிக்காரரு நேத்து ட்ராக்டர் ஓட்டினாரு. வேலி ஓரம் வரைக்கும் உழுதுட்டு, கம்பத்துல முட்டற மாதிரி வந்து, நின்ன எடத்துலயே கிறுகிறுன்னு திரும்பறாரு. எப்படி?"

எப்படி என்பது எனக்குத் தெரியும். ட்ராக்டரில் இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக் என்று தனித்தனி மிதி உண்டு. திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தை மட்டும் மிதித்துப் பிடித்தால், வண்டி அதையே அச்சாக வைத்துச் சுழலும். ரோட்டில் போகும்போது இரண்டு மிதியையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுவார்கள். டீச்சர் எங்கே வருகிறார் என்று தெரிந்ததும், பிரேக்கில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேகத்தில் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டால் வண்டி கவிழும். டீச்சர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. சாயங்காலம் நான் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தேன்: இடது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்க ஒரு கைப்பிடி வைப்பேன், அது அசையாமல் பூட்ட ட்ராக்டரில் உள்ளதுபோல் ஒரு கொக்கியும் வைப்பேன், வீட்டு வாசலைத் தவிர வேறு எங்கும் கொக்கியைக் கழற்றக் கூடாது.

கைப்பிடியை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஜீப்பில் பவர் ஸ்டியரிங் கிடையாது. மணலில் முழுக்க ஒடிக்க டீச்சருக்கு இரண்டு கையும் வேண்டும். நடுவில் கியர் கம்பிகளுக்கே இடமில்லை. பிரேக் குழாய் போவதும் இடது ஓரமாக. ஆகவே கைப்பிடியை இடது சீட்டுக்கு வெளிப்புறமாக வைத்தேன். அதாவது அதை இழுக்க வேண்டியவர் அவர் வீட்டுக்காரர்.

வெள்ளோட்டத்துக்கு அவர் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இருக்கிற ஒரு காலில் மைன்ஸில் போட்ட பழைய சேஃப்டி ஷூ. டீச்சர் ஒடித்தார். "இப்ப," என்றார். இவர் இழுத்தார். சீக்கிரம் இழுத்துவிட்டார், வண்டி உதறி நின்றது. "நான் சொன்னப்புறம் இழுங்க." "நீ சொல்றதே லேட்டு டீச்சரு." அன்று பூராவும் இதே சண்டை. டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் வந்து பழகினார்கள். பழகப் பழக "இப்ப" என்பது "ம்" ஆனது. பிறகு அதுவும் இல்லை. டீச்சரின் தோள் சாயும்போது அவர் கை தானாக இழுக்கும். இடது சக்கரம் நின்று, முன்பக்கம் சுழன்று, ஜீப் ஒரே வீச்சில் திரும்பும். கடைசியாகப் போட்ட சுண்ணாம்பு வட்டம் மற்ற வட்டங்களுக்கெல்லாம் உள்ளே சின்னதாக விழுந்தது. டீச்சர் அளந்துவிட்டு, விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் தூக்கவில்லை. டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர்களிடமெல்லாம், "வண்டிய டீச்சரு ஓட்டுவாங்க. திருப்பறது நானு," என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். வாயால் ஓட்டுவதையும் விட்டுவிட்டார். கையில் வேலை வந்ததும் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

வாசலில் கம்பங்களை ஒட்டிச் சக்கரம் போக வேண்டிய வளைவில் டீச்சர் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசைக்குப் போய்வந்ததும் அதைப் புதுப்பிப்பார். ஜீப் திரும்பும் நேரம் வேலிக்காரர் தவறாமல் வந்து கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார். பேச மாட்டார். கம்பத்தின் மேல் ஒரு கை வைத்திருப்பார்.

"கம்பத்துக்குக் காவல் நிக்கறாரு," என்பார் டீச்சர். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்வார். "வா வான்னு ஒருநாளும் சொன்னதில்ல. அந்த மட்டுக்கும் மனுஷன்."

ஐப்பசி மழையில் நாங்கள் யாரும் யோசிக்காத தப்பு நடந்தது. பழகியது எல்லாம் மணலில். சேற்றில் பூட்டின சக்கரம் பிடிக்காது, வழுக்கும். மழையில் கைப்பிடியைத் தொடாதீர்கள், கொஞ்சம் கஷ்டமானாலும் ரோட்டிலேயே நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்கும் தோன்றவில்லை. டீச்சர் தோளைச் சாய்த்தார், அவர் வழக்கம்போல இழுத்தார். ஜீப் திரும்பாமல் சோப்புக்கட்டிபோல நேராக வழுக்கிப் போய்க் கம்பத்தில் மோதியது. கம்பம் சாய்ந்துவிட்டது.

வேலிக்காரர் குடையோடு வந்தார். டீச்சர் மழையில் இறங்கி நின்றார்.

"நான்தான் இடிச்சேன். கம்பத்த நானே நட்டுத் தர்றேன்."

ஜீப்புக்குள்ளிருந்து வீட்டுக்காரர், "அவங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் இழுத்துட்டேன்," என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இழுத்தது நானு."

வேலிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு, "மழ வுடட்டும், நானே நட்டுக்கறன். அவரு நனைஞ்சிகினு கெடக்கறாரு, மொதல்ல வூட்டுக்குள்ள இட்டுகினு போங்க," என்று குடையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் பட்டறைக்கு வந்தார். கோபமாக இருந்தார்.

"கம்பத்த உள்ள தள்ளி நட்டுருக்காரு. சாஞ்சது ஒண்ணு. நல்லா இருந்த ரெண்டயும் சேத்துப் புடுங்கி, மூணயும் ஒரு அடி உள்ள நட்டுருக்காரு. கால வச்சு அளந்துட்டேன்."

"நல்லதுதானே டீச்சர். இனிமே அந்தக் கைப்பிடிகூட வேணாம். ஒடிச்சாலே திரும்பிடும்."

"நான் கேக்கவே இல்லயே தம்பி."

"கேக்காம குடுத்தா வாங்கிக்கிறது."

"கேட்டு வாங்கினா ஒருநாள் திருப்பிக் குடுத்துடலாம். கேக்காம குடுத்தத எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

டீச்சர் அந்த ஒரு அடியைத் தொடவில்லை. சுண்ணாம்புக் கோட்டைப் பழைய இடத்திலேயே போட்டார். ஜீப் அந்தக் கோட்டுக்குள்ளேயே, கைப்பிடியை இழுத்து, முன்போலவே திரும்பியது. வேலிக்காரரும் அந்த இடத்தில் மறுபடி கலப்பை வைக்கவில்லை. புல் முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்தது.

"இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு அடி நெலத்துக்கு வெட்டு குத்து வரைக்கும் போறாங்க. இங்க ஒரு அடிய வச்சிகினு ரெண்டு பேரும் வேணாங்கறாங்க," என்று டீச்சரின் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் அவர் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

ஒரு டயாலிசிஸ் நாள் காலையில், சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நான் போனபோது ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்றைக்கு நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் தோள் கொடுத்தவர் வேலிக்காரர். பார்க்க முடியாமல், ஜீப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அது அவர் கடைசியாகத் திருப்பிவிட்ட நிலையிலேயே, தடத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்தினம் டீச்சர் போன் செய்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மறுநாள் காலை பைக்கில் பேட்டரியை வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். மாற்றிக் கொடுத்ததும், "நீயும் கோயிலுக்கு வா," என்றார். நான் இடது கதவைத் திறந்தேன்.

"பின்னாடி உக்காரு தம்பி."

பின்னால் உட்கார்ந்தேன். பூசை முடிந்து திரும்பி வரும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. வாசலில் வண்டியைத் திருப்ப வேண்டும். கைப்பிடியை யார் இழுப்பது?

"டீச்சர், அந்தக் கைப்பிடிய உங்க கைக்கு எட்டற மாதிரி மாத்தித் தந்துடறேன். ஒரு நாள் வேலைதான்."

"வேணாம்," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "அது அவரு வேலை," என்றார்.

வாசலுக்கு வந்தோம். ஒரு மாதமாகப் புதுப்பிக்காததால் சுண்ணாம்புக் கோடு கலைந்து, எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிறமாதிரி கிடந்தது. அதற்கு அப்பால் புல். புல்லுக்கு அப்பால் கம்பம். கம்பத்துக்கு அந்தப் பக்கம் வேலிக்காரர், எப்போதும்போல.

டீச்சர் இடது பக்கம் முழுக்க ஒடித்தார். வண்டி வளைந்து போய், வலது முன் சக்கரம் கோடு இருந்த இடத்தைத் தொட்டதும் பிரேக்கில் கால் வைத்தார். கைப்பிடி இல்லாமல் திரும்ப இன்னும் ஒரு அடி வேண்டும். அந்த ஒரு அடி எதிரில்தான் இருந்தது. எனக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது, வாங்க டீச்சர், வாங்க, இடம் இருக்கு என்று. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலிக்காரர் கம்பத்தின் மேலிருந்து கையை எடுத்தார். வாய் திறக்கவில்லை. வண்டியைத் தட்டவில்லை. கையை இடுப்பளவுக்கு மட்டும் தூக்கி, உள்ளங்கையைத் தன் பக்கம் வைத்து, விரல்களை மெல்ல அசைத்தார்.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கிளட்சை விட்டார். விரல்கள் அசைய அசைய ஜீப் நகர்ந்தது. புல் சக்கரத்துக்குள் போய் மடங்கியது. கை நின்றபோது வண்டியும் ஒரு கணம் நின்றது. கை பக்கவாட்டில் போனது, வண்டியும் கூடவே போய்த் திரும்பி, தடத்தைப் பார்த்து நின்றது.

டீச்சர் என்ஜினை நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. வேலிக்காரர் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கொக்கிய நல்லா இறுக்கி மாட்டிடு தம்பி," என்றார் டீச்சர், திரும்பாமல். "தெரியாம யாரும் அத இழுத்துடக் கூடாது."

இறங்கிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து, மாட்டினேன்.